வாவிக்கரையில் தொடங்கும் பறவை ஆராய்ச்சி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பறவைகளை ஆராய்வதையே தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் கேட்டால் வீட்டில் முதலில் எழுவது கவலைதான். டொக்டர், இஞ்சினியர், ஆசிரியர் என்ற வரிசையில் இந்த வேலை யாருடைய நினைவிலும் வருவதில்லை. முடியும் என்பதுதான் என் பதில். பாதை நீளமானது, நிலையான சம்பளம் தாமதமாகத்தான் வரும், அதையும் ஒளிக்காமல் கீழே சொல்கிறேன். ஆனால் இங்கே பிறந்தவருக்கு ஒரு வசதி உண்டு. கொழும்பிலோ கண்டியிலோ படிக்கும் மாணவர் பஸ் பிடித்து, அறை எடுத்து, காசு செலவழித்து வந்து பார்க்கும் இடம் உங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே கிடக்கிறது.

ஏறாவூரிலிருந்து கல்முனைப் பக்கம் வரை 50 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மட்டக்களப்பு வாவி. அதன் மேற்கே படுவான்கரை முழுக்கக் குளமும் வட்டை எனப்படும் வயல்வெளியும். தெற்கே இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரமும், அதைச் சுற்றி 1954இல் அறிவிக்கப்பட்ட கல்லோயா தேசிய பூங்காவும். இன்னும் தெற்கே லகுகலை, பொத்துவில், பாணமை, உகந்தை தாண்டினால் குமன. 2010இல் அது ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு இருந்தும் நம் பகுதியைப் பற்றிய நீண்டகாலத் தரவு குறைவு. போரால் குமன 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. படுவான்கரைக் குளங்களில் ஒருவர் கொப்பியும் கையுமாக நிம்மதியாக நின்று எண்ணக்கூடிய நிலைமையும் அப்போது இருக்கவில்லை. அந்த ஆண்டுகளை இனி யாராலும் எண்ணி நிரப்ப முடியாது. இன்றைய கணக்கையாவது விட்டுவிடக் கூடாது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க நான் வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான்: ஒரே இடத்தை, ஒரே முறையில், விடாமல் எண்ணுங்கள். பட்டம், அனுமதி, நிதி எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

சைக்கிளில் போகக்கூடிய ஓர் இடத்தைப் பிடியுங்கள்

புதியவர்கள் முதலில் குமனவுக்கு ஓடத்தான் ஆசைப்படுவார்கள். கட்டாயம் போய்ப் பாருங்கள். மே முதல் ஜூலை வரை குமன வில்லு என்ற நீர்நிலையில் மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் கூழைக்கடாவும் கூடு கட்டும் காட்சி வாழ்நாளுக்கும் மறக்காது. ஆனால் ஆராய்ச்சியை அங்கே தொடங்க வேண்டாம். வருடத்தில் ஓரிரு தடவை எட்டிப் பார்க்கும் இடம் உங்களுக்கு எதையும் சொல்லித் தராது. ஊர்க்குளம், வாவியின் ஒரு வளைவு, ஒரு வட்டை, தோணாவின் வாய் என்று அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். கிழமைக்கு ஒருமுறை முடிந்தால் நல்லது, இல்லாவிட்டால் மாதம் இருமுறை. விடிந்ததிலிருந்து ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் பறவையும் ஒதுங்கும், வெக்கையில் தூரத்துக் காட்சியும் கலங்கும்.

திறந்த நீர்நிலை என்றால் மேட்டில் ஓர் இடத்தில் நின்று, கண்ணுக்கு எட்டிய அனைத்தையும் எண்ணலாம். தோட்டம், பற்றைக்காடு என்றால் நிறுத்தங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று 200 மீட்டருக்குக் குறையாத இடைவெளி, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம். அதே நிறுத்தங்கள், அதே நேரம், அதே கால அளவு. இன்றைக்குப் பறவை அதிகம் என்பதற்காக அரை மணி நேரம் நின்றுவிட்டால் போன மாதத்தோடு ஒப்பிட முடியாது.

கூட்டத்தை எண்ணுவதுதான் புதியவர்களைத் திணறடிக்கும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பத்துப் பறவைகளை ஒன்றொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்தும் எவ்வளவு இடத்தைப் பிடிக்கின்றன என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மேல் இடமிருந்து வலமாக நகர்த்துங்கள்: பத்து, இருபது, முப்பது. பெரிய கூட்டம் என்றால் ஐம்பது ஐம்பதாக. முன்னால் நிற்பவை பின்னால் நிற்பவற்றை மறைக்கும். அவை நகரும் வரை பொறுத்திருந்து மறுபடியும் வலமிருந்து இடமாக எண்ணுங்கள். இரண்டு எண்ணையும் எழுதுங்கள். இடையில் ஓர் ஆக்காட்டி கத்திவிட்டால் கூட்டம் முழுதும் எழும்பிவிடும். அப்போது ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்து, வீட்டில் பெரிதாக்கி எண்ணிப் பாருங்கள். பெரிய கூட்டத்தை அநேகமானோர் குறைத்துத்தான் மதிப்பிடுவார்கள். நீங்கள் எவ்வளவு குறைக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் திருத்த முடியும்.

கொப்பியில் பறவையின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும் போதாது. ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்: “காலை 6.10 முதல் 7.00 வரை. பாதி மேகம், மெல்லிய வாடை. வயல் உழுது தண்ணீர் கட்டியிருக்கிறது, கணுக்கால் ஆழம். உழவு மெஷின் ஒன்று ஓடுகிறது. நெடுங்கால் உள்ளான் 43. பொறி உள்ளான் 12. உண்ணிக்கொக்கு 60 (மெஷினுக்குப் பின்னால்). சீழ்க்கைச் சிறகி 0.” அந்தக் கடைசிச் சைபர் முக்கியம். போய்ப் பார்த்து இல்லை என்பது ஒன்று, பார்க்கவே இல்லை என்பது வேறொன்று. எழுதாமல் விட்டால் பிறகு யாராலும் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

கண்ணையும் காதையும் பழக்குங்கள்

8×42 என்று குறித்த பைனாகுலர் ஒன்று போதும். 8 என்பது எத்தனை மடங்கு கிட்டக் காட்டும் என்பது. 42 என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 12 மடங்கு, 20 மடங்கு என்று விளம்பரம் செய்வதை வாங்க வேண்டாம், அது கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். வாங்க வசதியில்லாவிட்டால் பைனாகுலர் இல்லாமலே தொடங்குங்கள். உழவு வயலில் நிற்கும் கொக்கையும் நாரையையும் வெறும் கண்ணாலேயே பிரிக்கலாம். எழுதுவதற்குப் பென்சில். மழைத்தூறலில் பேனா மை கரைந்துவிடும்.

வெள்ளைக் கொக்குகளிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன், ஏனென்றால் அவை எங்கும் இருக்கின்றன, எல்லாரும் அவற்றை ஒரே பறவையாகவே பார்க்கிறார்கள். சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, விரல் மட்டும் மஞ்சள். சேற்றில் நிற்கும்போது விரல் தெரியாது, பறக்கும்போது பளிச்சென்று தெரியும். உண்ணிக்கொக்குக்கு மஞ்சள் அலகு, கழுத்து கட்டை. பெரிய கொக்கின் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னே போகும். நடுத்தரக் கொக்குக்கு அது கண்ணோடு நின்றுவிடும். இந்த நான்கையும் தயக்கமில்லாமல் பிரிக்க வந்துவிட்டால், உள்ளான்களின் பக்கம் போகலாம். அவை கஷ்டம், ஒரு பருவம் முழுக்க எடுக்கும்.

குரலை விட்டுவிடாதீர்கள். பறவையியலாளர் தீபால் வரகாகொட 1995இல் கித்துல்கலைக் காட்டில் முன்பின் கேளாத ஒரு குரலைக் கேட்டார். அந்தக் குரலுக்குரிய சிறிய ஆந்தையைக் கண்ணால் கண்டது 2001இல். 2004இல் அது அறிவியலுக்குப் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. இவ்வளவு சிறிய, இவ்வளவு பேர் பார்த்துவிட்ட நாட்டில் அது நடந்தது. ஃபோனில் குரலைப் பதிந்து இனங்காட்டும் மெர்லின் செயலி உதவும், ஆனால் அது சொல்வதை அப்படியே எழுத வேண்டாம். பறவையைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். எண்ணிக்கைகளைப் பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையத்தளத்தில் ஏற்றிவிட்டால் அவை பாதுகாப்பாகவும் இருக்கும், வேறு ஆய்வாளர்களுக்கும் பயன்படும்.

வெள்ளாமையையும் வாவியையும் வைத்துக் கேள்வியை உருவாக்குங்கள்

ஒரு வருடம் எண்ணிய பிறகுதான் ஆராய்ச்சிக் கேள்வி கையில் வரும். நம் பகுதியில் அந்தக் கேள்வி பெரும்பாலும் தண்ணீரைச் சுற்றியே இருக்கும்.

மத்திய ஆசிய வான்வழி என்ற வலசைப் பாதையில் வடக்கிலிருந்து வரும் பறவைகள் ஆகஸ்ட், செப்டெம்பரில் வந்து சேரத் தொடங்குகின்றன. அதே கையோடு பெரும்போகத்துக்கு வயல் உழுவார்கள். சேறு, ஆழமில்லாத தண்ணீர், புரட்டிய மண்ணில் புழு. உள்ளானுக்கு வேறென்ன வேண்டும்? பயிர் உயர்ந்து நிலத்தை மூடியதும் அவை வயலை விட்டுவிடும். அதற்குள் வாடை மழை வந்துவிடும். வாவி நிரம்பி, ஓரத்துச் சேற்றுத் திட்டுகள் மூழ்கிப்போகும். வெள்ளம் ஊருக்குள் ஏறும் நிலை வந்தால் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். வாவி கடலில் பாய்ந்து மட்டம் இறங்கும், மூழ்கிய சேறு மறுபடி வெளியே வரும். நம் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. ஆகவே வேறு நாடுகளில் அலை செய்யும் வேலையை இங்கே மழையும் முகத்துவாரமும் செய்கின்றன. கரையோரப் பறவை பற்றிய வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது. அவர்களுடைய முறையை அப்படியே தூக்கி வந்தால் இங்கே பொருந்தாது.

அப்புறம் அறுவடை. வெட்டு மெஷின் இறங்கும் பெப்ரவரி, மார்ச்சில் வயல் திரும்பத் திறக்கிறது. திரும்பிப் போகுமுன் உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டிய பறவைகளுக்கு அது சரியான நேரம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் குளங்கள் வற்ற, ஊர்ப்பறவைகள் எஞ்சிய தண்ணீரில் நெருக்கியடிக்கும்.

இதிலிருந்து எத்தனை கேள்வி எடுக்கலாம் என்று பாருங்கள். முகத்துவாரம் வெட்டிய பிறகு எந்தப் பறவை முதலில் வருகிறது, எத்தனை நாளில்? ஒரே நேரத்தில் விதைக்கும் வட்டைக்கும், முந்திப் பிந்தி விதைக்கும் வட்டைக்கும் பறவை எண்ணிக்கையில் வித்தியாசம் உண்டா? ஆற்றுவாழை மூடிய குளத்தில் எது குறைகிறது, எது கூடுகிறது? “மட்டக்களப்பின் பறவைகள்” என்று தலைப்பு வைத்துத் தொடங்காதீர்கள், அது முடிவுக்கு வராது. ஒரு வருடத்தில் ஒருவர் தனியாக விடை தேடக்கூடிய அளவுக்குக் கேள்வியைச் சுருக்குங்கள்.

ஊராரிடம் முதலே சொல்லிவிடுங்கள்

கழுத்தில் பைனாகுலர், கையில் ஃபோனில் வரைபடம், கொப்பி. இப்படி ஒருவர் வரம்பில் நடந்தால் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி “என்ன மகன், காணி அளக்கவா?” என்பதுதான். காணி இழந்தவர்களும், வன இலாகா எல்லைக்கல் எங்கே விழுமோ என்று பயப்படுபவர்களும் வாழும் இடம் இது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆகவே முதல் நாளே வயல்களுக்குப் பொறுப்பான வட்டவிதானையைப் போய்ப் பாருங்கள், கிராம சேவகரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், காணிக்காரரிடம் கேட்டுவிட்டு வரம்பில் ஏறுங்கள். படுவான்கரையில் ஐயா, அண்ணன் என்று கதை தொடங்கும். நிந்தவூர், ஒலுவில் பக்கம் என்றால் அண்ணனைக் காக்கா என்பார்கள். கொப்பியைத் திறந்து காட்டுங்கள். அதில் கொக்கும் நாரையும்தான் இருக்கிறது என்று கண்டதும் அவர்களே சொல்லத் தொடங்குவார்கள்: எந்த மருதமரத்தில் கூடு இருந்தது, எந்த வருடத்துக்குப் பிறகு எது வரவில்லை, எந்த மருந்து அடித்த கிழமையில் மீன் செத்து மிதந்தது.

வீச்சுவலைக்காரர்களும் அப்படியே. வாவியின் எந்த மூலையில் ஆலாக்கள் விழுந்து எழும்புகின்றன என்று அவர்களுக்கு இரவு விடியுமுன்னே தெரியும். அவர்கள் சொன்னதை உங்கள் கண்டுபிடிப்பாக எழுதாதீர்கள். யார் சொன்னார், எப்போது என்று கொப்பியில் தனியாகக் குறியுங்கள். பெயர் வெளியிடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படிப்பு

நேரான வழி உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. இசட் புள்ளி கிடைத்தால் விஞ்ஞானப் பட்டம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். கொழும்பு, பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர ஆகியவற்றிலும் விலங்கியல் வலுவானது. எங்கே கிடைத்தாலும் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு முயலுங்கள், ஏனென்றால் கடைசி வருட ஆய்வுதான் உங்கள் முதல் உண்மையான ஆராய்ச்சி. அதுவரை சொந்தக் குளத்தில் எண்ணி வந்தவருக்கும், அந்த வருடம்தான் முதன்முதலாகப் பைனாகுலரைத் தொடுபவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரிந்துவிடும். விவசாய பீடத்துக்குப் போனவர்களும் கவலைப்பட வேண்டாம். நெல்வயல் சூழலியல் அவர்களுக்கு இன்னும் கிட்டத்தில்.

பாடத்தில் இல்லாததும் சில உண்டு. புள்ளிவிபரவியலை விரும்பிப் படியுங்கள். ஆர் என்ற மென்பொருளும், வரைபடத்துக்கான கியூஜிஐஎஸ்ஸும் இலவசம். கட்டுரை எழுத ஆங்கிலம் வேண்டும். சிங்களத்தையும் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். குமனவிலோ கல்லோயாவிலோ உங்களோடு நாள் முழுக்க நடக்கப்போகும் வனசீவராசி உத்தியோகத்தரோடு பேச அதுதான் தேவைப்படும், காட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது நிறைய.

படிக்கும்போதே வெளியே தொடர்புகளைத் தேடுங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. இலங்கையில் அதை ஒருங்கிணைப்பது 1943இல் தொடங்கிய சிலோன் பேர்ட் கிளப். 1976இல் உருவான இலங்கைக் களப் பறவையியல் குழு கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்குகிறது. அடையாளத்துக்காகப் பறவையின் காலில் வளையமிடும் வேலையைப் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும். பறவை பிடிக்கும் மெல்லிய மூடுபனி வலையில் சிக்கிய சிறு குருவியை எப்படிப் பிடிப்பது என்று காணொளி பார்த்துப் பழகக் கூடாது, பறவை செத்துவிடும்.

அனுமதியும் பாதுகாப்பும்

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு சில இனங்கள் தவிரக் காட்டுப் பறவைகள் அனைத்தும் பாதுகாக்கப்பட்டவை. பொது வீதியில் நின்று பார்த்து எண்ணுவது வேறு. பறவையைப் பிடிப்பது, முட்டையையோ இறகையோ எடுப்பது, தேசிய பூங்காவுக்குள் ஆய்வு செய்வது வேறு. இவற்றுக்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். விண்ணப்பத்தோடு ஆய்வுத் திட்டமும் மேற்பார்வையாளரின் கடிதமும் போகும். பதில் வர மாதங்கள் ஆகலாம், ஆகவே கூடு கட்டும் பருவத்துக்கு ஆறு மாதம் முந்தியே அனுப்பிவிடுங்கள். ஒதுக்குக்காடு என்றால் வன இலாகாவிடம் தனியாக. ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி தேவை; அனுமதி கிடைத்தாலும் கூட்டு மரங்களுக்கு மேல் வேண்டாம். தாய்ப்பறவை எழும்பிய நேரத்தில் காகம் முட்டையைத் தூக்கிவிடும். குமனவில் வேலை என்றால் கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தையும் கணக்கில் எடுங்கள். உகந்தையிலிருந்து அடியார்கள் அந்தக் காட்டு வழியாகத்தான் நடக்கிறார்கள், கூடு கட்டும் பருவமும் அதுதான்.

படுவான்கரையிலும் அம்பாறைக் குளக்கட்டுகளிலும் யானை வரும். விடியுமுன் தனியே போகாதீர்கள், முதல் நாள் இரவு எங்கே நின்றது என்று வாடியில் காவல் இருந்தவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். வாவியோரத்தில் முதலை உண்டு. முழங்கால் தண்ணீரில் நின்று படம் எடுக்க வேண்டாம். வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் ஆபத்து. முன்தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள், காலில் காயம் இருந்தால் அன்று இறங்காதீர்கள். பெண்பிள்ளைகள் இரண்டு பேராகப் போவதும், போகும் இடத்தை வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போவதும் நல்லது. ஆண்பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்வேன்.

வேலையும் வருமானமும்

பட்டம் முடித்த கையோடு “பறவை ஆராய்ச்சியாளர்” என்று ஒரு பதவி காத்திருப்பதில்லை. பலர் பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளராகவோ, யாராவது ஒருவரின் திட்டத்தில் ஆய்வு உதவியாளராகவோ தொடங்குகிறார்கள். இவை ஒரு வருடம், இரண்டு வருட ஒப்பந்தங்கள். பிறகு முதுமாணி, கலாநிதிப் பட்டம், பெரும்பாலும் வெளிநாட்டுப் புலமைப்பரிசிலில். வனசீவராசித் திணைக்களம் போட்டிப் பரீட்சை வைத்து ஆட்சேர்க்கும், வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டிருங்கள். சிறிய ஆய்வுகளுக்கு ரஃபர்ட் அறக்கட்டளை, ஓரியண்டல் பேர்ட் கிளப் போன்றவை நிதி தருகின்றன. உள்நாட்டில் தேசிய விஞ்ஞான மன்றம் இருக்கிறது. பொத்துவில், அறுகம்குடாப் பக்கத்தில் இயற்கை வழிகாட்டியாக உழைத்துக்கொண்டே தரவு சேர்ப்பதும் கௌரவமான வழிதான்.

சூழல் தாக்க மதிப்பீட்டுக் குழுக்களிலும் பறவை தெரிந்தவர் தேவைப்படுவார். அங்கே கவனமாக இருங்கள். கோடையில் ஒரே நாள் வந்து பார்த்துவிட்டு “முக்கியமான பறவைகள் இல்லை” என்று எழுதிய அறிக்கையில் கையெழுத்து வைக்காதீர்கள். மன்னாரில் காற்றாலைத் திட்டம் நீதிமன்றம் வரை போனபோது வலசைப் பறவைகள் அந்த வாதத்தின் நடுவே இருந்தன. நம் வாவியோரத்திலும் அப்படி ஒரு நாள் வரும்போது, பருவம் பருவமாக எண்ணிய கணக்கு யாரிடமாவது இருக்க வேண்டும்.

விரிவுரையாளருக்கு எழுதும் முதல் கடிதம்

ஒரு பருவம் எண்ணி முடித்ததும், உங்களுக்கு விருப்பமான துறையில் ஆய்வு செய்யும் ஒரு விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். “பறவைகள் என்றால் சிறுவயதிலிருந்தே பிடிக்கும்” என்று ஆரம்பிக்க வேண்டாம், அப்படி நிறையக் கடிதம் அவர்களுக்கு வரும். எந்த இடம், எப்போதிலிருந்து, என்ன முறையில் எண்ணுகிறீர்கள் என்று நான்கு வரியில் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியாத ஒன்றைக் கேளுங்கள்: இந்தக் குளத்தில் டிசெம்பரில் எண்ணிக்கை விழுகிறது, பயிர் உயர்ந்ததாலா, தண்ணீர் ஆழமானதாலா, எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கொப்பியின் இரண்டு பக்கத்தைப் படமெடுத்து இணையுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு கிழமை கழித்து மறுபடி எழுதுங்கள். விடைத்தாள் திருத்தும் காலமாக இருக்கலாம்.